காதடியில் ஒரு கட்டி



பாம்புக்கடியைக் குறித்தும் காசநோயைக் குறித்தும் முன்பு எழுதியபோது, அந்தப் பக்கங்களை மாதர் சங்கக் கூட்டங்களில் வாசித்துக் காட்டியதாகப் பலர் தெரிவித்தீர்கள். இம்முறை அதிகம் பேசப்படாத ஒரு வியாதியை எடுத்துக்கொள்கிறோம். அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டி.

எண்ணிக்கையில் இது சிறிய வியாதிதான். புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயோடு ஒப்பிட்டால் அபூர்வம் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் இதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்கக் காரணம் உண்டு. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. முதல் அறுவை சிகிச்சை முறையாக நடந்தால் அநேகமாக அத்தோடு முடிந்துவிடும். முதல் முறையே அவசரப்பட்டுக் கை வைத்துவிட்டாலோ, பத்து வருஷம் கவனிக்காமல் விட்டுவிட்டாலோ, பிறகு எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இழந்ததை முழுவதும் மீட்க முடிவதில்லை. இழந்தது என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தை. கண்ணை மூடுவது, சிரிப்பது, கடைவாயில் வழியாமல் தண்ணீர் குடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

எச்சில் ஊறும் இடங்கள்

பிறவிக் குருடன் ஒருவனுக்கு ஆண்டவர் தம் உமிழ்நீரையும் மண்ணையும் குழைத்துப் பூசிப் பார்வையளித்ததை யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமோ எச்சிலை அருவருப்பாகவே பேசிப் பழகியவர்கள். அது இல்லாவிட்டால் ஒரு கவளம் சோறு தொண்டையில் இறங்காது, பற்கள் சீக்கிரம் சொத்தையாகிவிடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் உமிழ்நீர் நம் வாயில் ஊறுகிறது.

இதைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் இருப்பது காதடிச் சுரப்பி. தாடை எலும்பின் கீழே ஒன்று, நாக்கின் அடியில் ஒன்று. இவை தவிர அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம் எங்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரவியிருக்கின்றன. காதடிச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் வரும் குழாயை 1660-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க் தேசத்து இளைஞர் ஓர் ஆட்டுத்தலையை அறுத்துப் பார்க்கையில் கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. லுத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர் பிற்காலத்தில் கத்தோலிக்க பிஷப்பாகி, ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து மரித்தார். 1988-இல் கத்தோலிக்க சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. உங்கள் கன்னத்தின் உட்புறத்தில், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, நாக்கால் தடவிப் பார்த்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதுதான் அந்தக் குழாயின் வாய்.

இந்தச் சுரப்பிக்குள் வேறொன்றும் இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு காதின் பின்னால் மண்டையோட்டிலிருந்து வெளிப்பட்டு, காதடிச் சுரப்பிக்குள் நுழைந்து, ஐந்து முக்கிய கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று போகிறது. கொத்துமல்லிக் கட்டுக்குள் சிக்கிய தையல் நூலை எண்ணிக்கொள்ளுங்கள். நூல் அறாமல் கீரையை மட்டும் எடுத்துவிட வேண்டும். காதடிக் கட்டியின் அறுவை சிகிச்சை முழுவதும் இந்த ஒரு வேலையைச் சுற்றியே நடக்கிறது.

மூன்று பாஷையிலும் ஒரே தவறு

நம் எல்லைப் பகுதியில் காதடியில் ஒரு வீக்கம் கண்டால் தமிழர் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். பாகலூர், தளி பக்கத்துக் கன்னடக்காரர் மங்கன பாவு, அதாவது குரங்கு வீக்கம் என்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் கவத பில்லலு என்பார்கள். பாஷை மூன்றானாலும் முடிவு ஒன்றுதான்: தானாக வற்றிவிடும். பிள்ளையின் கழுத்தில் ஒரு பொன் சங்கிலியைப் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே வற்றிவிடுகிறது. பொன்னால் அல்ல. அந்தக் கிருமியின் வேகம் ஒரு வாரம், பத்து நாளில் தானே தணிந்துவிடும்.

ஆனால் 35 வயதுக்காரருக்கு ஒரே பக்கத்தில், காய்ச்சல் இல்லாமல், வலியும் இல்லாமல் வரும் உருண்டைக்குப் பொன்னுக்கு வீங்கி என்று பெயர் வைப்பது ஆபத்து. வலி இல்லாததே மோசம் செய்கிறது. நம் ஜனங்கள் வலித்தால்தான் டாக்டரிடம் வருவார்கள். கிரானைட் பட்டறையிலும் சிப்காட் கம்பெனியிலும் ஒரு நாள் லீவு எடுத்தால் அந்த நாளின் கூலி போய்விடும் என்னும்போது, வலிக்காத கட்டிக்காக யார் வருவார்கள்? "அதுபாட்டுக்கு இருந்துச்சு டாக்டரம்மா, நான் கண்டுக்கல" என்பதுதான் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை.

காதடி வீக்கமெல்லாம் கட்டி என்று பயப்படவும் வேண்டாம். சாப்பிட உட்காரும்போது தாடையின் கீழ் புடைத்து, ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது அநேகமாகக் குழாயில் அடைத்த கல். வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றும்போது சுரப்பியில் சீழ் பிடிப்பதுண்டு. காசநோய் நெறிக்கட்டியும் இதே இடத்தில் வரும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதே வைத்தியத்தின் முதல் பாதி. இரண்டு அல்லது மூன்று வாரங்களில் வற்றாத எந்தக் கட்டியையும் காட்டிவிட வேண்டும் என்பதை உங்கள் சபைகளில் சொல்லுங்கள்.

கத்திக்கு முன்னே ஊசி

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார். காதுமடலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருந்த ஒன்றை, சில வருஷங்களுக்கு முன் வேறோரிடத்தில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் தோண்டி எடுத்திருந்தார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை. அவர் வந்தபோது பழைய தழும்பைச் சுற்றிப் பச்சைப்பயறு இறைத்ததுபோல ஏழெட்டு சிறு உருண்டைகள் விரலில் தட்டுப்பட்டன.

இப்படி நடப்பதற்குக் காரணம் அந்தக் கட்டியின் சுபாவம். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அதிகம் வருவது பலவுருச் சுரப்பிக் கட்டி என்னும் சாதுவான வகை. மேலோட்டமாகப் பார்த்தால் உறை போட்ட பழம்போல இருக்கும். ஆனால் உறையைத் தாண்டி விரல் விரலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழத்தை மட்டும் பிதுக்கி எடுத்தால் விரல்கள் உள்ளேயே நின்றுவிடும், உறை கிழிந்தால் விதைகளும் சிந்தும். அப்படிப் பிதுக்கி எடுத்த கட்டிகளில் நூற்றுக்கு 20 முதல் 40 வரை திரும்ப வருவதாகப் பழைய அனுபவம் காட்டியது. சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து, நரம்பைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றி எடுக்கும் முறை வந்தபின் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் முறை கை வைக்கும்போது நரம்பு பழைய தழும்புக்குள் ஒட்டிக்கிடக்கும், எது நரம்பு எது தழும்பு என்று தெரியாது. அந்தத் தாயாருக்கு வேலூரில் மறு அறுவை சிகிச்சை ஆயிற்று. ஜீவனுக்கு மோசமில்லை. கீழுதடு மட்டும் ஒரு பக்கம் சற்று இழுத்தபடியே நின்றுவிட்டது. தோட்ட வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் போட்டோ எடுக்க மட்டும் சம்மதிப்பதில்லை.

ஆகவே காதடியில் சந்தேகமான கட்டியைக் கீறிச் சதை எடுத்துப் பார்ப்பது வழக்கமில்லை. முதலில் கைவிரலே கருவி. ஒரு விரலை வாய்க்குள்ளும் மறு கையை வெளியேயும் வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். கட்டி அசைகிறதா, தோலோடு ஒட்டிவிட்டதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, தொண்டைக்குள் ஒரு பக்கம் புடைத்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். கண்ணை இறுக மூடச் சொல்வதும், பல்லைக் காட்டச் சொல்வதும், கன்னத்தை ஊதச் சொல்வதும் முகநரம்பைச் சோதிக்கத்தான். சிகிச்சைக்கு முன்பே முகம் கோணியிருந்தால், கட்டி சீக்கிரமாக வளர்ந்தால், வலித்தால், புண்ணானால், அது புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் அதிகம்.

அடுத்தது ஒலி அலை ஸ்கேன். அதைப் பார்த்துக்கொண்டே ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். எஃப்.என்.ஏ.சி. என்று இதற்குப் பெயர், வார்டில் எல்லோரும் ஊசி டெஸ்ட் என்பார்கள். சில நிமிஷ வேலை. தையல் இல்லை, படுக்கை இல்லை. முடிவை ஆறு வகைகளாகப் பிரித்து எழுதும் மிலான் முறை 2018-இல் வெளிவந்தது. அதனால் ஓசூரில் எழுதிய ரிப்போர்ட்டைப் பெங்களூரிலோ வேலூரிலோ படிக்கிறவர் ஒரே அர்த்தத்தில் புரிந்துகொள்ளலாம். ஊசி சில சமயம் ஏமாற்றவும் செய்யும், செல்கள் போதாமல் இரண்டாம் முறை குத்த நேரிடுவதுண்டு. கட்டி ஆழத்தில் இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கத்தி.

எந்தக் கட்டி, எவ்வளவு பயம்

காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு சாதுவானவை. தாடையின் கீழ் உள்ளதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நாக்கின் அடியில் வருபவற்றில் பெரும்பாலானவை புற்று. சுரப்பி சிறியதாக இருக்க இருக்க நம் சந்தேகம் பெரிதாக வேண்டும். அண்ணத்தில் வலியில்லாத ஒரு மேடு தோன்றினால் பல் செட் அழுத்திய வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

சாதுவான வகையையும் என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது. பலவுருக் கட்டி முதல் ஐந்து வருஷங்களில் புற்றாக மாறுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 15 வருஷங்களைத் தாண்டினால் பத்தை நெருங்குகிறது. இன்னொரு சாதுவான வகை வார்தின் கட்டி, இது பெரும்பாலும் புகை பிடிப்பவர்களுக்கு வருகிறது, சிலருக்கு இரு பக்கமும் வரும். புற்று வகைகள் இருபதுக்கும் மேல். அவற்றில் ஒன்று நரம்பின் வழியாக ஊர்ந்து செல்லும், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நுரையீரலில் தலைகாட்டும்.

ஏன் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் விஷயத்தில் காரணம் தெரியாது. 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பினவர்களிடையே உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் அதிகமாகக் காணப்பட்டதால் கதிர்வீச்சு ஒரு காரணம் என்று அறிகிறோம். செல்போனால் வருமா என்று வாலிபர் கூட்டங்களில் கேட்கிறார்கள். இதுவரை உறுதியான நிரூபணம் இல்லை. வேறொரு கேள்வியை நோயாளிகளின் உறவினர் தணிந்த குரலில் கேட்பதுண்டு: என்ன பாவம் செய்தார்? மேலே சொன்ன அதே 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட கேள்வியும் அதுவே. ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை. வார்டில் நாங்களும் ஏற்றுக்கொள்வதில்லை.

மேஜையின் மேல்

காதடி அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். காதுக்கு முன்னால் தொடங்கி மடலைச் சுற்றிக் கழுத்தின் மடிப்புக்குள் இறங்கும் வெட்டு ஆறு மாதத்தில் மங்கிவிடும். சர்ஜன் முதலில் நரம்பின் அடிமரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார். பிறகு கிளை கிளையாகப் பின்தொடர்ந்து, மேலே இருக்கும் சுரப்பியையும் கட்டியையும் சேர்த்துத் தூக்குவார். இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். நரம்பைத் தொட்டால் ஒலி கொடுக்கும் கருவி இப்போது உண்டு. நல்ல உதவி, ஆனால் பொறுமைக்கு அது ஈடல்ல என்பது எங்கள் அபிப்பிராயம்.

தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் நோயாளியைச் சிரிக்கச் சொல்லிப் பார்ப்போம். அந்த நிமிஷத்தில் வார்டு சிஸ்டர்கள் எல்லோரும் கட்டிலண்டை வந்துவிடுவார்கள். சிலருக்கு நரம்பு முழுதாக இருந்தும் சில வாரமோ மாதமோ முகம் சோர்ந்திருக்கும், பிறகு திரும்பும். காதுமடலின் கீழ்ப்பகுதி மரத்திருப்பது சகஜம். வேறு சிலருக்குச் சில மாதங்கள் கழித்துச் சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கும். உமிழ்நீருக்காகப் போன நுண்ணிய நரம்புகள் வழிதவறி வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதே காரணம். 1923-இல் இதை விளக்கியவர் லூசியா ஃபிரே என்னும் போலந்து தேசத்து டாக்டரம்மாள். யூத குலத்தவரான அவர் 1942-இல் நாஜிகளின் காலத்தில் லிவோவ் நகரின் அடைப்புக் குடியிருப்பில் மாண்டார். வியர்வை தொல்லையானால் அதற்கும் ஊசி மருந்து உண்டு.

புற்று நரம்பைத் தின்றுவிட்டிருந்தால் நரம்பையும் எடுக்க வேண்டியதாகும். அப்போது கண்தான் முதல் கவலை. இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகி, பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் பிளாஸ்திரியும் போட்டுக் காக்க வேண்டும். முகநரம்பு திரும்பாது என்று தெரிந்தவர்களுக்கு மேலிமைக்குள் ஒரு கிராம் அளவுள்ள பொன் தகடு வைத்துத் தைப்பார்கள். அதன் பாரத்தினால் இமை தானே தாழ்ந்து மூடிக்கொள்ளும். காதடி வீக்கத்துக்குப் பொன் உதவுகிற இடம் இது ஒன்றுதான்.

ஆறு வாரமும் ஒரு அட்டையும்

எடுத்த கட்டி புற்று என்று தெரிந்து, அது தீவிரமான வகையாகவோ நரம்பிலும் நெறிகளிலும் பரவியதாகவோ இருந்தால், கதிர்வீச்சுச் சிகிச்சை தேவை. கரண்ட் வைக்கிறது என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். கரண்டும் இல்லை, சூடும் இல்லை, படுத்திருக்கும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாளாக 30 முதல் 33 தடவை போக வேண்டும். முன்பாகவே பல் டாக்டர் பற்களைப் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். வாய் வறட்சி பின்பும் தொடரலாம். மற்றப் புற்றுகளுக்குக் கொடுக்கும் மருந்துகள் இதில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சில வகைகளுக்கு மட்டும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன, விலை நம் நோயாளிகளுக்கு எட்டாதது.

கதிர்வீச்சுக்காக ஓசூரிலிருந்து போகிற வழிகள் இரண்டு. 40 கிலோமீட்டர் வடக்கே பெங்களூரில், ஓசூர் ரோட்டை ஒட்டியே, 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. கிழக்கே கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர் போனால், 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. பெங்களூர் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் நடுவே அத்திப்பள்ளியில் மாநில எல்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதன் ஊதிய வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்ந்தது. காண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்களில் சிலருக்குத் தங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருப்பதே தெரியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளோ எந்தக் காகிதத்தை எந்த ஜன்னலில் நீட்டுவது என்று அறியாமல் நிற்கிறார்கள். எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று விசாரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. எங்கள் சமூகநலப் பணியாளர் அந்த வேலையைச் செய்கிறார்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு: அறுவை சிகிச்சையின் பெருஞ்செலவைப் பல சமயம் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. அது ஏற்காதவை சிறிய தொகைகள். படுக்கையில் சேருமுன் எடுக்கும் ஊசி டெஸ்ட், ஸ்கேன், ஆறு வாரம் வேலூரில் தங்கும் அறை வாடகை, கூட இருக்கும் மனைவிக்குச் சாப்பாடு, அஞ்செட்டியிலிருந்து வந்துபோகும் பஸ் சார்ஜ், அந்த ஆறு வாரமும் வீட்டில் பிள்ளைகளுக்கு அரிசி. பெரிய செலவை அரசு ஏற்றும், இந்தச் சிறிய செலவுக்குப் பணமில்லாமல் பாதியில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. பாதியில் நிறுத்திய கதிர்வீச்சு செய்யாததற்குச் சமானம் என்று சொன்னாலும் மிகையில்லை. நோயாளர் உதவி நிதிக்கு நீங்கள் அனுப்புவதை முதலாவது இதற்கே ஒதுக்குகிறோம்.

சிகிச்சை முடிந்தவர்கள் முதல் வருஷங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பின்பு வருஷத்துக்கு ஒருமுறையும் வர வேண்டும். நரம்பில் ஊரும் வகையானால் பத்து வருஷம் கடந்தும் வர வேண்டும். இதுவே எங்களுக்குக் கடினமான பகுதி. தொழிலாளிகள் கம்பெனி மாறுகிறார்கள், போன் நம்பர் மாறுகிறது, சுகமாயிருப்பவர் எதற்காக வரவேண்டும் என்கிறார். கிராமங்களுக்குப் போகும் எங்கள் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபியுங்கள். முகம் கோணிய நிலையில் ஆராதனைக்கு வரக் கூச்சப்படும் சகோதர சகோதரிகளுக்காகவும் ஜெபியுங்கள். உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், பின் வரிசையில் தனியே விடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

காதடியிலோ தாடையின் கீழோ வற்றாத கட்டியோடு யாரையாவது எங்களிடம் அனுப்பினால், முன்பு எங்கேயாவது அறுவை செய்திருந்தால் அந்தச் சீட்டுகளையும், சோதனை செய்த கண்ணாடித் தகடுகள் இருந்தால் அவற்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தகடுகளை மறுபடி பார்த்துக்கொள்ளலாம், இரண்டாம் முறை ஊசி குத்த வேண்டியிராது.